கான்வென்ட்ல போட்டா ஒழுக்கம் வருமா?

மே மாசம் வந்தாலே குயிலாப்பாளையத்தில் இந்தப் பேச்சு ஆரம்பிச்சுடும். "பாண்டியில கான்வென்ட்ல போட்டா புள்ளைக்கு ஒழுக்கம் வந்துடும்ல?" பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க. அவங்க சொல்ற ஒழுக்கம், வாயை மூடிக்கிட்டு கையைக் கட்டி உட்கார்றது. கத்தோலிக்கப் பள்ளி மரபு எதை ஒழுக்கம் என்றது என்று தேடிப் படித்தேன். அதன் குறிப்பு இது.

இத்தாலியில் ஏழைப் பையன்களுக்காக வேலை செய்த பாதிரியார் தொன் போஸ்கோ, 1877-ல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். பிள்ளைகளை நெறிப்படுத்த இரண்டு வழி உண்டு என்கிறார். விதியைச் சொல்லிவிட்டு, மீறினவனைப் பிடித்துத் தண்டிப்பது ஒன்று. அது சுலபம், பட்டாளத்துக்குப் பொருந்தும். மற்றது, தப்பு நடக்கும் முன்னாலேயே பிள்ளையோடு கூட இருப்பது. இதற்கு மூன்று ஆதாரம்: காரணம் சொல்லிப் புரியவைப்பது, சமயம், அன்பு. 1884-ல் ரோமிலிருந்து எழுதிய கடிதத்தில் இன்னொன்றும் சேர்த்தார். நேசித்தால் மட்டும் போதாது, தன்னை நேசிக்கிறாங்கன்னு பையனுக்கே தெரியணும்.

நடைமுறையில் இது ரொம்ப எளிசு. ஆசிரியர் விளையாட்டு நேரத்திலும் மைதானத்தில் இருப்பார். ராத்திரி தூங்கப் போகும் முன் இரண்டு மூன்று நிமிஷம் ஒரு நல்ல வார்த்தை. அவருடைய சலேசிய சபையினர் 1906-ல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். விடுதி இல்லாத பள்ளிகளில் அந்த ராத்திரிப் பேச்சு, காலை அசெம்பிளிப் பேச்சாக மாறியது.

நம்ம ஊர்ப் பக்கம் இதில் ஒரு சிக்கல் இருக்கு. வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பாங்க. அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையைச் சமய வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. அரசியலமைப்பின் 28(3) அப்படிச் சொல்கிறது. அதனால் பல பள்ளிகளில் கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்கும், மற்றவர்கள் நீதிபோதனைக்கும் பிரிந்து போவார்கள். அந்த ஏற்பாடு சரிதான். ஆனால் குணத்தைப் பற்றிப் பேசும் நேரத்திலேயே வகுப்பு இரண்டாகிவிடுகிறது.

அப்போ சேர்ந்து வாழப் பழகுவது எங்கே? சாப்பாட்டு நேரத்தில், தண்ணீர்க் குழாயடியில், விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போது. யார் பக்கத்தில் யார் உட்காருவது, யாரைச் சேர்த்துக்கொள்ளாமல் விடுவது என்று பிள்ளைகள் அங்கேதான் முடிவு பண்ணுகிறார்கள். வீட்டில் கேட்ட சாதியும் அங்கேதான் எட்டிப் பார்க்கும். இது சமயம் போதித்தால் மட்டும் போய்விடுவதில்லை. புதுச்சேரியின் பழைய சம்பா கோவிலுக்குள்ளேயே கிறிஸ்தவர்களைச் சாதி பார்த்துப் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. எதிர்ப்பு கிளம்பி 1745-ல் அது இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இன்னொன்றைத் தள்ளி உட்காரச் சொல்லும் அந்த நொடியில், பக்கத்தில் ஒரு டீச்சர் இருந்தால், அடிக்காமல் ரெண்டு வார்த்தையில் அதைத் திருத்திவிடலாம். சுவர் எழும்பின பிறகு இடிப்பதைவிட அது லேசு.

அக்காவிடம் சொன்னேன்: "அட்மிஷனுக்குப் போறப்ப மதியச் சாப்பாட்டு நேரமா பாத்துப் போங்க. டீச்சருங்க பிள்ளைங்களோட இருக்காங்களான்னு பாருங்க. பிரம்பு இருக்கான்னு கேக்காதீங்க."