கோலா கூலாவின் பால் நாரை

நம் பேராக் மாநிலத்தில், ஈப்போவிற்கு வடமேற்கே, கிரியான் மாவட்டக் கடலோரத்தில் கோலா கூலா என்னும் சிற்றூர் உள்ளது. ‘கூலா’ என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சர்க்கரை என்பது பொருள். 19-ஆம் நூற்றாண்டில் கிரியான் வட்டாரக் கரும்புத் தோட்டங்களில் தமிழர் பலர் பாடுபட்டனர். இக்கடலோரத்தில் சுமார் 40,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்துள்ள மாத்தாங் கண்டற்காடு, பால் நாரை என்னும் அரிய பறவையின் புகலிடமாகும்.

பால் நாரை ஏறத்தாழ மூன்றடி உயரமுடையது. உடல் வெண்மை, சிறகின் ஓரமும் வாலும் கருமை, அலகு மஞ்சள். முகத்தில் இறகின்றிச் செந்தோல் மட்டுமே காணப்படும். மலாய் மொழியில் இதனைப் ‘போத்தாக் உப்பே’ என்பர். ‘போத்தாக்’ என்றால் வழுக்கை.

கடல்நீர் வற்றியதும் இந்நாரை சேற்றில் இறங்கும். அலகைச் சற்றே திறந்து சேற்றினுள் விட்டுத் துழாவும். மீன் பட்டவுடன் அலகு சட்டென மூடிக்கொள்ளும். தொடு உணர்ச்சியே அதற்குத் துணை.

இனப்பெருக்கக் காலத்தில் வெண்ணிற இறகுகளில் பாலாடை போன்ற இளமஞ்சள் சாயல் படரும். முகம் மேலும் சிவக்கும். ஜாவா, சுமத்ரா தீவுகளில் இந்நாரைகள் மழை ஓய்ந்த வறண்ட மாதங்களில் கூடு கட்டுகின்றன. அப்பொழுது நீர் குறைந்து மீன்கள் ஓரிடத்தில் திரளுமாதலால், குஞ்சுகளுக்கு இரை எளிதில் கிட்டும். உயர்ந்த மரங்களில் சுள்ளிகளால் அமைத்த கூட்டில் இரண்டு முதல் நான்கு முட்டைகள் இடும். தாயும் தந்தையும் மாறி மாறி ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். வெயில் கடுமையானால் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும்; அலகில் நீர் கொணர்ந்து அவற்றின்மேல் சொரியும்.

இத்தகைய பறவை இன்று அருகி வருகிறது. மாத்தாங் கடலோரத்தில் 1984-இல் நூற்றுக்கும் மேற்பட்ட பால் நாரைகள் இருந்தன. 2005-இல் பத்துக்கும் குறைந்தன. கண்டற்காடுகள் அழிக்கப்படுவதும், கூடு கட்டத்தக்க முதிர்ந்த மரங்கள் குறைவதும், மனிதர் தரும் இடையூறுகளும் இதன் காரணங்களாகும். 2013-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது.

தேசிய விலங்கியல் பூங்கா 1987-இல் இந்நாரைகளை வளர்க்கத் தொடங்கியது. அங்கு வளர்ந்தவற்றுள் சில 2007-இல் கோலா கூலாவில் விடப்பட்டன. ஆயினும் ஓர் இடர் உண்டு. தமிழகத்து வேடந்தாங்கலில் காணப்படும் மஞ்சள் மூக்கு நாரை இதன் நெருங்கிய உறவினம். இவ்விரண்டும் ஒரே பூங்காவில் வாழுமாயின் கலந்து குஞ்சு பொரிக்கும். தூய இனம் மறையும். ஆகவே, வெளியே விடுமுன் பறவைகளை ஆய்ந்து பிரித்தல் வேண்டும்.

பறவையை வளர்த்து விடுவதால் மட்டும் பயனில்லை. அது அமர மரமும், இரை தேடச் சேறும் எஞ்சியிருத்தல் வேண்டும். காடு வாழ்ந்தால் நாரையும் வாழும். இதனை நாம் உணர்ந்து நடப்போமாக!