பரணில் கிடக்கும் பூதங்கள்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மளிகையோடு ஃபேன்சி சாமான்களும் சேர்த்து வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்கள் பலரிடம் பழைய பொம்மைச் சரக்கு கொஞ்சமாவது தேங்கிக் கிடக்கும். ஆடிப்பூரத் தேருக்கென்று கொள்முதல் செய்து மிஞ்சியது, ஏஜெண்டு தலையில் கட்டியது, பெட்டி நசுங்கியதால் ஒதுக்கியது என்று பரணில் ஏறிய சரக்கு பிறகு இறங்குவதே இல்லை. இப்போது இதைத் தேடி வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். "பழைய பொம்மை இருக்கா அண்ணாச்சி, மொத்தமா எடுத்துக்கிறேன்" என்கிறார்கள். இடம் காலியானால் போதும் என்று நம்மவர்களும் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளுவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய சரக்கு அது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

பொம்மை சேகரிப்பு என்பது வெளிநாட்டில் பெரிய வியாபாரம். அதிலும் பேய், பூதப் பொம்மைகளுக்குத் தனிக் கூட்டமே உண்டு. அமெரிக்காவில் யுனிவர்சல் கம்பெனி 1931-இல் 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற இரண்டு படங்களை வெளியிட்டது. 1957-இல் இந்தப் பழைய படங்கள் டெலிவிஷனுக்கு வந்தபோது பிள்ளைகளுக்குப் பைத்தியமே பிடித்தது. அதைப் பார்த்து அரோரா என்ற கம்பெனி 1961-இல் ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தை, வீட்டில் ஒட்டிச் சேர்த்து வர்ணம் பூசும் பிளாஸ்டிக் பொம்மையாகப் போட்டது. விலை 98 சென்ட்; ஒரு டாலர் கூட இல்லை. வாங்கிய பிள்ளைகள் பெட்டியைக் கிழித்தெறிந்தார்கள். பிரிக்காமல் தப்பிய அந்தப் பெட்டி இன்று நூற்றுக்கணக்கான டாலருக்குப் போகிறது. பொம்மையை விடப் பெட்டிக்குத்தான் மவுசு!

நம் பக்கத்துக் கடைகளில் ஃபிராங்கன்ஸ்டைன் வந்ததாக நாம் பார்த்ததில்லை. ஆனால் மண்டையோட்டு முகம் கொண்ட ஸ்கெலிட்டரை நினைவிருக்கிறதா? 'ஹீ-மேன்' கதையின் வில்லன். மேட்டல் கம்பெனியின் அந்த வரிசையை இந்தியாவில் லியோ நிறுவனம் தயாரித்தது. அடுத்தது நம் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல். அவர்கள் போட்ட 'ஜி.ஐ. ஜோ' சிப்பாய்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். காரணம் வேடிக்கையானது. அமெரிக்காவில் பச்சையாக வந்த சட்டை இங்கே வேறு நிறத்தில் வந்தது என்றால், அவர்களுக்கு அதுவே அபூர்வம். டெலிவிஷனில் ஓடிய 'ஸ்ட்ரீட் ஹாக்' தொடரின் நாயகனைக் கூட ஃபன்ஸ்கூல் பொம்மையாக்கியது.

சரி, விலை வைப்பது எப்படி? முதலில் காலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இதில் சேகரிப்பாளரை விட வியாபாரிக்கே கண் அதிகம். பெட்டியின் பின்புறத்தைப் படியுங்கள். 'உள்ளூர் வரிகள் தனி' என்று இருந்தால் 1990-க்கு முந்தைய வழக்கம். எல்லா வரிகளும் அடங்கிய எம்.ஆர்.பி. அதன் பிறகு வந்தது. முகவரியில் 'பம்பாய்' என்று இருந்தால் அநேகமாக 1995-க்கு முன்பு, 'மெட்ராஸ்' என்று இருந்தால் 1996-க்கு முன்பு அச்சானது. பொம்மையின் முதுகிலோ காலிலோ பொறித்திருக்கும் ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் அந்த வடிவத்துக்கு உரிமை பதிவான ஆண்டு. அதே அச்சில் பத்து வருஷம் கழித்தும் வார்த்திருப்பார்கள்.

அடுத்தது முழுமை. அட்டையில் பிரிக்காமல் இருப்பது முதல் தரம். பிரித்திருந்தால் துப்பாக்கி, முதுகுப்பை, வாள் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். சுண்டு விரல் அளவு துப்பாக்கி ஒன்று குறைந்தாலும் விலை வெகுவாக இறங்கும். பரணைக் கூட்டும்போது குப்பையில் போவது இந்தச் சில்லறை உருப்படிகள்தான். ஜி.ஐ. ஜோ பொம்மை இடுப்பில் இரண்டாகக் கழன்றிருந்தால் தூக்கி எறியாதீர்கள். உள்ளே ஒரு ரப்பர் வளையம் உண்டு. வருஷக் கணக்கில் காய்ந்து அறுந்துவிடும். வளையத்தை மாற்றிக்கொள்ளலாம்.

விலை விசாரிக்கும்போது, விற்கிறவர் கேட்கும் விலையைப் பார்த்து மலைத்துவிடக் கூடாது. இணையத்தில் ஒருவர் ஐயாயிரம் என்று போட்டிருப்பார். அது அங்கேயே வருஷம் முழுவதும் கிடக்கும். சொன்ன விலை வேறு, போன விலை வேறு என்பது மார்க்கெட்டில் நிற்கும் நமக்குத் தெரியாததா? விற்று முடிந்த விலைகளைத் தனியாகக் காட்டும் ஏலத் தளங்கள் உண்டு. அதைப் பார்ப்பதே சரி. எல்லாப் பொம்மையும் பொன்னாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பேர் போடாத திருவிழாப் பிளாஸ்டிக் பெரும்பாலும் எடை விலைக்குத்தான் போகும். ஆனால் பத்து உருப்படியில் ஒன்று நல்லதாக இருந்து, வந்தவர் மொத்தமாகக் கேட்டால், அவர் குறி அந்த ஒன்றின் மேல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் ஒன்றும் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பரண் சரக்கில் அந்த முத்திரை இருக்காது. ஆகவே பழைய சரக்கைத் துடைத்து மறுபடி ஷோகேஸில் அடுக்குவது வம்பை விலைக்கு வாங்குவது. சேகரிப்பாளருக்குக் கொடுப்பதானாலும் பி.ஐ.எஸ். அலுவலகத்திலோ ஆடிட்டரிடமோ கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

அதுவரை சரக்கைத் தகரக் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு அட்டை வளைந்து, மேலிருக்கும் கண்ணாடிப் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவும் வேண்டாம். அது உருகி ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் நாம் ஒட்டிய விலைச்சீட்டு அட்டையில் இருந்தால் இருக்கட்டும். சுரண்டினால் அட்டையின் படமும் சேர்ந்து வந்துவிடும்.