சுண்டும் தராசும்: தோட்டாவுக்கு மருந்து அளக்கும் கணக்கு

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவர்கள் நாங்கள். மொன்றியலில் முப்பது வருடம் ஆகியும் ஜூலை மாத வாணவேடிக்கைக்கு என் மனைவி யன்னலைச் சாத்திவிடுவா. அந்த வீட்டில் மகன் ஒரு நாள் வந்து, தான் கைத்துப்பாக்கி சுடும் கழகமொன்றில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். இரண்டு கிழமை வீட்டில் சரியான கதை இல்லை. எங்கள் ஆட்களின் வீடுகளில் இப்படி நடப்பது இது முதல் தடவை இல்லை என்று பிறகு தெரிந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது கடதாசி இலக்கைச் சுடும் ஒரு விளையாட்டு. எங்களுக்கு அது வேறு.

நான் இதை எழுதுவது அந்த வாக்குவாதத்தைத் தீர்க்க அல்ல. மகன் போன வருடப் பனிக்காலம் தோட்டாவைத் தானே நிரப்பத் தொடங்கினான். கடையில் ஒரு பெட்டி தோட்டா விற்கும் விலையில் அதுதான் கட்டும் என்றான். இங்கே சுடுபவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்; உரிய அனுமதிப்பத்திரம் உள்ளவர் தன் பாவனைக்கு நிரப்புவது சட்டப்படி சரி. நிலக்கீழ் அறையில் மேசை போட்டான். ஒரு நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து, "அப்பா, இந்தக் கணக்கை ஒருக்காப் பாருங்கோ" என்றான். கணக்கு என்றால் நான் மறுப்பதில்லை. பார்த்த பிறகுதான் அவன் கையையும் கண்ணையும் பற்றிப் பயம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இதைச் செய்துகொண்டிருக்கலாம்.

சுட்டு முடிந்த பித்தளைக் கோதைத் திரும்ப எடுத்து, அதன் அடியில் புதுப் பிறைமர் வைத்து, உள்ளே மருந்து இட்டு, வாயில் சன்னத்தை இருத்தி அழுத்துவதுதான் இந்த வேலை. இதில் மருந்து இடுவது ஒன்றுதான் உயிரோடு விளையாடுவது. 9 மில்லிமீற்றர் பிஸ்டல் தோட்டாவுக்குப் போகும் மருந்து பெரும்பாலும் நாலு முதல் ஆறு கிறெயின் வரை. ஒரு இறாத்தலுக்கு 7,000 கிறெயின். ஒரு கிறெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். நாலு கிறெயின் என்பது ஒரு பனடோல் குளிசையில் உள்ள 500 மில்லிகிராமில் பாதிக்குச் சற்று மேல். அந்தச் சிறு துளிதான் குழலுக்குள் சதுர அங்குலத்துக்கு 35,000 இறாத்தல் வரை அழுத்தத்தை எழுப்புகிறது.

இந்த மருந்தை ஒவ்வொரு தோட்டாவுக்கும் தராசில் நிறுத்துப் போட்டால் ஒரு பின்னேரம் முழுக்க ஐம்பது தோட்டாதான் முடியும். ஆகவே அளவி ஒன்று வைத்திருக்கிறார்கள். மேலே ஒரு குவளை, கீழே ஒரு உருளை, உருளையில் ஒரு குழி. கைபிடியை மேலே தூக்கினால் குழி நிறையும். கீழே இறக்கினால் மருந்து கோதுக்குள் விழும். பார்த்தவுடன் எனக்குச் சங்கக்கடை ஞாபகம் வந்தது. அது ஒரு சுண்டு, அவ்வளவுதான். உருளையின் விளிம்பு தலைதட்டும் கைவேலையைச் செய்கிறது.

சுண்டில் உள்ள பிரச்சினை எங்கள் அம்மாமார் எல்லாருக்கும் தெரியும். சுண்டு இடத்தை அளக்கிறதே தவிர நிறையை அல்ல. கடுகைப் பத்துத் தரம் தலைதட்டி அளந்து நிறுத்தால் பத்தும் ஏறக்குறைய ஒன்றாக வரும். அவலை அளந்து பாருங்கள். ஒரு தரம் தளர்வாக விழும், ஒரு தரம் இறுகி விழும், மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் விரலளவு இறங்கும். உடைத்த சேமியாவை அளந்தால் துண்டுகள் குறுக்கும் மறுக்குமாக நின்று நடுவில் வெற்றிடம் விட்டுவிடும்.

புகையில்லா மருந்திலும் இந்த மூன்று வகையும் உண்டு. அவல் போன்ற செதில் மருந்து பழையது. அலையன்ற் கம்பனியின் யுனீக் அதற்கு நல்ல உதாரணம். நூறு வருடத்துக்கு மேலாக விற்கிறது, நல்ல மருந்து என்றே பெயர், ஆனால் அளவியில் சீராக விழாது என்று நிரப்புபவர்கள் அதைத் திட்டாத நாள் இல்லை. சேமியா போன்ற குச்சி மருந்து பெரும்பாலும் றைபிளுக்கு. அதில் பெயர்போன ஐ.எம்.ஆர் வகைகள் பல பத்தாண்டுகளாக எங்கள் பக்கத்திலேயே, மொன்றியலுக்குத் தென்மேற்கே அறுபது கிலோமீற்றரளவில் உள்ள வலிஃபீல்டில் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எழுந்த தொழிற்சாலை அது. அந்த வழியால் எத்தனை தரம் கோடைக்கு மீன்பிடிக்கப் போயிருக்கிறோம், எனக்குத் தெரியாது.

மூன்றாவது, கடுகு போன்ற உருண்டை மருந்து. 1930களில் அமெரிக்காவின் வெஸ்டேர்ன் காற்றிட்ஜ் கம்பனி கொண்டுவந்த முறை. கரைத்த நைற்றோசெலுலோசைத் தண்ணீருக்குள் கலக்கிக் கடையும்போது அது சிறுசிறு மணிகளாகத் திரளும். பிஸ்டலுக்கான மணிகளைப் பிறகு உருளையில் கொடுத்துச் சற்றுத் தட்டையாக்குவார்கள். வின்செஸ்டர் 231, ஹொட்ஜ்டன் எச்.பி-38 என்ற இரண்டும் இந்த வகை. உண்மையில் இரண்டும் ஒரே மருந்து, லேபல்தான் வேறு. இதை வைத்துப் பெயர் ஒத்தால் மருந்தும் ஒக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எச் 4350, ஐ.எம்.ஆர் 4350 என்று இரண்டு றைபிள் மருந்து இருக்கின்றன. இலக்கம் ஒன்று, மருந்து வேறு வேறு.

இனி மகனின் தாள். செதில் மருந்தை 4.1 கிறெயினுக்கு வைத்துப் பத்துத் தரம் விழுத்தி நிறுத்திருந்தான்: 3.9, 4.2, 4.4, 4.0, 4.3, 3.8, 4.1, 4.2, 3.9, 4.2. கீழே "சராசரி 4.1, சரி" என்று எழுதிக் கோடு போட்டிருந்தான். (இந்த எண்களை யாரும் நிரப்பும் அளவாக எடுத்துவிடாதீர்கள். எவ்வளவு போடலாம் என்பதை அந்தந்த மருந்துக் கம்பனியின் அட்டவணைதான் சொல்ல வேண்டும்.)

சராசரி சரிதான். ஆனால் சராசரியை யாரும் சுடுவதில்லை. கல்லாப்பெட்டியில் இன்று இருபது டொலர் கூடி, நாளை இருபது டொலர் குறைந்தால் மாதக் கடைசியில் கணக்குச் சமன். துவக்கில் கூடினதைக் குறைந்தது ஈடுசெய்யாது. கூடினது தன் வேலையைச் செய்துவிடும். மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் இடையே 0.6 கிறெயின், அதாவது பதினைந்து வீதம். அட்டவணைகளில் தொடங்கும் அளவுக்கும் உச்ச அளவுக்கும் இடையே உள்ள இடைவெளியே வழமையாகப் பத்து வீதமளவில்தான். நடுவில் நிற்பதாக மகன் நினைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய அளவியோ அந்த இடைவெளியின் இரண்டு கரையையும் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தது. ஐம்பது கிறெயின் போடும் றைபிளில் இதே 0.6 கிறெயின் ஒரு வீதத்துக்குச் சற்று மேல். அளவு சிறியதாக இருப்பதால்தான் பிஸ்டலில் மருந்தின் தெரிவு இவ்வளவு முக்கியமாகிறது.

அவனுடைய சிநேகிதனிடம் இருந்து கொஞ்சம் உருண்டை மருந்து வாங்கி வந்து, ஒப்பீட்டுக்காக மட்டும், அதே 4.1இல் வைத்து விழுத்தினோம். பத்தும் 4.0க்கும் 4.2க்கும் இடையில் நின்றன. தராசே 0.1 வரைதான் காட்டும் என்பதால் இதற்கு மேல் நுணுக்கம் கேட்க முடியாது.

குறைவாக விழுவதில் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மகனோடு ஒரு நாள் சுடும் இடத்துக்குப் போயிருந்தேன், காதை மூடிக்கொண்டு பின்னால் நின்றேன். இரண்டு மேசை தள்ளி ஒருவர் சுட்டபோது "பொக்" என்று மட்டும் கேட்டது. மேற்பார்வையாளர் பாய்ந்து வந்து கையைத் தடுத்தார். மருந்து விழாத தோட்டா. பிறைமரின் வேகத்தில் சன்னம் குழலின் நடுவில் போய்ச் சிக்கி நின்றது. அடுத்த தரம் விசையை இழுத்திருந்தால் பின்னால் வரும் சன்னம் அதில் மோதிக் குழல் வெடித்திருக்கும்.

ஆகவே உருண்டை மருந்தை வாங்கினால் அலுவல் முடிந்தது என்றுதான் நானும் எண்ணினேன். முடியவில்லை. அளவியில் அழகாக விழும் மருந்துகள் பெரும்பாலும் செறிவானவை. கொஞ்ச இடத்தைத்தான் பிடிக்கும். கைபிடியைத் தெரியாமல் இரண்டு தரம் இழுத்துவிட்டால் இரட்டிப்பு மருந்தும் கோதுக்குள் சத்தமில்லாமல் அடங்கிவிடும். .38 ஸ்பெஷல் தோட்டாவில் இது இன்னும் மோசம். 1898இல் கரிமருந்துக்கென்று அமைந்த நீளக் கோது அது. வன்னியில் என் பெரியப்பாவின் இடியன் துவக்குக்குப் போட்ட அதே இனக் கரிமருந்து; அது நிறைய இடம் பிடிக்கும், மூடியால் அளந்தே போடுவார். இன்றைய மருந்து அந்தக் கோதின் அடியில் ஒரு மூலையில் கிடக்கும். டைற்குறூப் போன்ற செறிவான மருந்தை அதில் இரண்டு தரம் போட்டாலும் மேலே இடம் மிஞ்சும்.

இந்த இரண்டு குணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கணிப்பு. அளவியில் சீராக விழ வேண்டும். அதே நேரம், சரியான அளவு போட்டால் கோதில் பாதிக்கு மேல் நிறைந்து, இரண்டாம் தரம் விழுந்தால் வெளியே கொட்ட வேண்டும், அல்லது சன்னத்தை இருத்த முடியாதபடி மேலே நிற்க வேண்டும். ஒரு இறாத்தல் ரின்னில் ஆயிரத்து எழுநூறு தோட்டா நிரப்பலாம் என்று கடைக்காரர் சொல்வார், சிக்கனம் என்று. இரண்டு சதம் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. எங்கள் பொடியன் செதிலையும் விட்டான், மிகச் செறிவான உருண்டையையும் விட்டான். இரண்டுக்கும் நடுவில் சற்றுப் பருத்து விழும் தட்டை உருண்டை ஒன்றைத் தெரிந்துகொண்டான். அதிலும் கோதுகளைத் தட்டில் அடுக்கி, சன்னம் வைக்கு முன் விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறான்.

இதில் இன்னொரு விடயமும் இருக்கிறது. 2022 ஒக்ரோபர் 21 முதல் கனடாவில் தனிநபர்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் நிறுத்தப்பட்டுவிட்டது. பின்னர் 2023 டிசம்பரில் சி-21 சட்டமும் நிறைவேறியது. 1989இல் பொலிதெக்னிக்கில் பதினான்கு பெண்கள் கொல்லப்பட்ட நகரம் இது. அந்தத் தடையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மகன் அதற்கு முன் வாங்கியவன், வைத்துச் சுடலாம். ஆனால் அளவு பிழைத்து அது வெடித்தால், கை தப்பினாலும் இன்னொன்று வாங்க வழியில்லை.

மொன்றியல் பனிக்காலத்துக்கென்று ஒரு குறிப்பு. ஹீற்றர் போட்ட அறை காய்ந்து நிலைமின் ஏறும். செதில் மருந்து குவளையின் பிளாஸ்ரிக்கில் ஒட்டிக்கொண்டு, பிறகு ஒருசேர விழும். உடுப்புக் காயவைக்கும் மெஷினுக்குள் போடும் அந்தத் துணித்தாளால் குவளையைத் துடைத்தால் பெருமளவு குறையும். குவளையைக் கால்வாசிக்குக் கீழே இறங்க விடக் கூடாது. மேலே பாரம் குறையக் குறையக் குழி நிறைவதும் தளரும். கைபிடியை ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு ரின் மருந்துதான் இருக்க வேண்டும், வேலை முடிய மிச்சத்தை அதே ரின்னுக்குள் திரும்பக் கொட்ட வேண்டும். ஒரு நாள் குவளையில் இரவு முழுக்க மருந்து கிடந்தது. காலையில் எது என்று அவனுக்கே நிச்சயமில்லை. கொட்டச் சொன்னேன். லேபல் இல்லாத பற்றுச்சீட்டை நான் கணக்கில் ஏற்றுவதில்லை.

இப்போது முதல் பத்தையும், பிறகு பத்துக்கு ஒன்றையும் நிறுத்துத் தாளில் எழுதுகிறான். சராசரிக்குப் பக்கத்தில் கூடியது, குறைந்தது என்று இரண்டு நிரல் போட்டுக் கொடுத்தேன். போன மாதம் புது ரின் திறந்தான், அதே கம்பனி, அதே பெயர். அளவியைத் தொடவேயில்லை, 4.1 விழுந்த இடத்தில் 4.3 விழுந்தது. ஒவ்வொரு தொகுதி மருந்தும் சற்று இறுக்கமாகவோ தளர்வாகவோ வரும் என்பதால் ரின் மாறும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்று நிரப்பியது பதினொரு தோட்டா. பதினொன்றையும் கழற்றி மருந்தைத் திரும்ப எடுத்தான்.