ஹெரிபோர்டு: ஊர்ப்பெயரும் மாட்டு ஜாதியும்

ஹெரிபோர்டு என்பது இங்கிலாந்தின் மேற்கில், வேல்ஸ் எல்லைக்கு அருகிலுள்ள ஒரு நகரம். அதைச் சூழ்ந்த பிரதேசத்தில் 18-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் டாம்கின்ஸ் முதலிய குடியானவர்கள் தேர்ந்தெடுத்து விருத்தி செய்த மாட்டு ஜாதிக்கும் அந்நகரின் பெயரே வழங்கலாயிற்று. 1817-ஆம் வருஷத்தில் ஹென்றி கிளே என்பவர் இம்மாடுகளை அமெரிக்காவுக்குத் தருவித்தார். பின்னர் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் இம்மந்தைகள் மேய்ந்த இடத்தில் ஏற்பட்ட ஓர் ஊருக்கு மாட்டின் பெயரையே இட்டனர். இங்ஙனம் ஒரு தேசத்தில் ஊரினால் மாடும், மற்றொரு தேசத்தில் மாட்டினால் ஊரும் பெயர் பெற்றன.

ஆயினும், அவ்வூர்களில் பிறந்த மாடுகள் யாவும் அந்த ஜாதியைச் சேர்ந்தவை ஆகமாட்டா. சிவந்த உடலும் வெண்மையான முகமும் இந்த ஜாதியின் அடையாளங்கள். ஆனால் வேறு ஜாதிப் பசுவுடன் ஹெரிபோர்டு காளையைச் சேர்த்தாலும், கன்று பெரும்பாலும் வெண்முகத்துடனேயே பிறக்கும். முகத்தை மட்டும் நோக்கி விலை கொடுப்போர் கலப்புக் கன்றைச் சுத்த ஜாதியென எண்ணி ஏமாறக்கூடும். அக்கன்றைப் பொலிகாளையாக விட்டால் அதன் சந்ததி ஒரே தன்மையாய் அமையாது. நஷ்டம் பல தலைமுறை தொடரும்.

இந்த ஜாதிக்கு 1846-இல் வம்சாவளிப் பதிவுப் புத்தகம் வெளியிடப்பட்டது. 1886 முதல், தாய் தந்தை இரண்டும் பதிவு பெற்ற கன்றுகளே அதில் சேர்க்கப்படுகின்றன.

எந்த ஜாதியாயினும், பொலிகாளை வாங்குவோர் ஊர்ப்பெயரையும் நிறத்தையும் மட்டும் நம்பாது, அதன் தாய் தந்தையரின் வரலாற்றை விசாரித்து அறிதல் அவசியம்.