காவல் நாய்க்குட்டியின் முதலாண்டு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரை ஊர்களுள் குருக்கள்மடமும் ஒன்றாகும். இப்பகுதிக் கமக்காரர் பலருக்கு வீடும் மரக்கறித் தோட்டமும் எழுவான்கரையிலும், நெல்வயல் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலும் உள்ளன. பெரும்போக காலத்தில் வயல்வாடியில் தங்குவோர் வீட்டுக் காவலையும், வீட்டில் நிற்போர் வயற் காவலையும் பிறர் பொறுப்பிலேயே விட வேண்டியுள்ளது. இவ்விரு இடத்திலும் நல்ல நாயொன்று மனிதனுக்குப் பெருந்துணையாகும். ஆயின், பழக்கப்படாத நாய் அயலாரின் ஆட்டைக் கடிக்கும், பள்ளிப் பிள்ளைகளைத் துரத்தும், பாத்திகளைக் கிளறும். நாய் துணையாவதும் தொல்லையாவதும் பெரும்பாலும் அதன் முதலாண்டு வளர்ப்பையே பொறுத்தன.

எந்த நாய் ஏற்றது?

இக்காலத்தில் நீலக்கண்ணும் அடர்ந்த உரோமமும் உடைய சைபீரிய ஹஸ்கி நாயைப் படங்களிற் கண்டு விரும்புவோர் உளர். அது வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுப்பதற்காக வளர்த்த இனத்திலிருந்து வந்தது. 1925 ஆம் ஆண்டில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டைக்கரப்பான் நோய் பரவியபோது, நெனானாவிலிருந்து ஏறத்தாழ 1,085 கிலோமீற்றர் தூரம் மருந்தைக் கொண்டுசென்று சேர்த்தவை இத்தகைய வண்டி நாய்களே. இருபது வண்டியோட்டிகள் மாறி மாறி அவற்றைச் செலுத்தினர். ஐந்தரை நாட்களில் மருந்து போய்ச் சேர்ந்தது.

எனினும், குளிருக்கென அமைந்த அதன் ஈரடுக்கு உரோமம் மட்டக்களப்பின் வெயிலில் அதற்குத் துன்பமே தரும். அன்றியும், அந்நியரிடமும் எளிதில் நட்புக் கொள்ளும் இயல்புடைமையால் அது காவலுக்குச் சிறந்ததன்று. நம் ஊர் நாய் இவ்வெப்பத்துக்குப் பழகியது. சிறு அரவத்தையும் கேட்டுக் குரைப்பது. வளர்ப்புச் செலவு குறைந்தது. வண்டி நாய்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு: இனம் மட்டும் நாயைப் பயனுள்ளதாக்காது, இளமையிற் பெறும் பழக்கமும் வேண்டும்.

தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்க ஏற்ற வயது எட்டு வாரமாகும். அதற்கு முன் பிரித்த குட்டி, விளையாட்டில் எவ்வளவு வலுவாகக் கடிக்கலாம் என்பதைத் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கற்கத் தவறிவிடும். கண் தெளிவாயும், வயிறு உப்பாமலும், ஆள் அணுகும்போது ஓடி ஒளியாமல் தானே நாடி வருவதாயும் உள்ள குட்டியைத் தெரிதல் நன்று.

பழகும் பருவம்

விதைப்புக்குப் பருவம் இருப்பதுபோல நாய்க்குட்டி உலகைப் பழகுவதற்கும் ஒரு பருவம் உண்டு. அது ஏறத்தாழ மூன்றாம் வாரந் தொடங்கிப் பன்னிரண்டு முதல் பதினான்காம் வாரத்துள் முடிவடைகின்றது. 1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சி இதனைத் தெளிவாகக் காட்டியது. உயர்ந்த வேலியிட்ட வெளியொன்றில், மனிதரைக் காணாதபடி குட்டிகள் வளர்க்கப்பட்டன. சிலவற்றை வெவ்வேறு வயதில் ஒவ்வொரு வாரம் வெளியே எடுத்து மனிதரோடு பழகவிட்டனர். பதினான்காம் வாரம் வரை எவரோடும் பழகாதிருந்த குட்டிகள் காட்டு விலங்குகளைப் போல மனிதரைக் கண்டு அஞ்சி விலகின.

ஆதலால், குட்டி வீட்டுக்கு வந்த முதல் ஆறு வாரங்களும் பொன்னானவை. இக்காலத்தில் அது பின்வருவனவற்றை அச்சமின்றிக் கண்டும் கேட்டும் பழகுதல் வேண்டும்:

– வீட்டாரன்றி வேறு ஆடவர், பெண்கள், முதியோர், சிறுவர்;
– குடை பிடித்தவர், தலையிற் சுமை தூக்கியவர், சைக்கிளில் வருபவர்;
– உழவு இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், கோயிற் பறை, தோணி;
– மாடு, ஆடு, கோழி, பூனை.

ஒவ்வொன்றையும் முதலில் தூரத்தே நின்று காட்டி, குட்டி அமைதியாக இருக்கும்போது ஒரு துண்டு கருவாடோ மீனோ கொடுத்து, நாளுக்கு நாள் அருகே கொண்டுசெல்லல் வேண்டும். அது நடுங்கினாலோ வாலை ஒடுக்கினாலோ சற்றுப் பின்வாங்க வேண்டும். இயந்திரத்தின் அருகே இழுத்துப்போய் நிறுத்தினால் அவ்வச்சம் ஆயுள் முழுவதும் நிலைத்துவிடலாம்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. தடுப்பூசிகள் யாவும் முடியுமுன்னரே பழகும் பருவம் முடிந்துவிடுகின்றது. தடுப்பூசி பெறாத குட்டியைத் தெருவில் விட்டால் குருதிக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ நோய் தொற்றக்கூடும். வீட்டினுள்ளேயே அடைத்து வைத்தாலோ அது அச்சமுள்ள நாயாக வளரும். இதற்கு வழி, குட்டியைக் கையிலேந்திச் சென்று ஊரைக் காட்டுவதும், தடுப்பூசி பெற்ற நலமான நாய்களோடு மட்டும் விளையாட விடுவதுமாகும்.

எல்லோரோடும் பழகிய நாய் காவல் காக்காது என்று கருதுவோர் உளர். உண்மை அவ்வாறன்று. பலரையும் கண்டறிந்த நாய்க்கே வழக்கமான வரவுக்கும் வழக்கமற்ற வரவுக்கும் வேறுபாடு தெரியும். அச்சத்தால் எதனைக் கண்டாலும் குரைக்கும் நாயின் குரலை உடையவரே நாளடைவில் பொருட்படுத்தார். கள்வன் வரும் இரவில் அக்குரலால் யாது பயன்?

உணவும் சுத்தமும்

மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், பின்னர் இரு வேளையும் உணவு கொடுக்கலாம். வெறுஞ் சோறு போதாது. மீன், முட்டை, இறைச்சி போன்றவற்றில் ஒன்றைச் சோற்றுடன் கலத்தல் வேண்டும். வெங்காயம் நாயின் குருதிக்குக் கேடு செய்யும். எனவே வெங்காயம் இட்ட கறியின் மீதியைக் கொடுத்தல் ஆகாது. சமைத்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கக்கூடும். எலிப் பாஷாணமும் பூச்சிகொல்லி மருந்துப் போத்தல்களும் குட்டிக்கு எட்டாத இடத்திற் பூட்டி வைக்கப்படல் வேண்டும். புழு மருந்தை மிருக வைத்தியர் கூறும் அளவிற் கொடுத்தல் அவசியம்.

உறங்கி எழுந்தவுடனும் உண்டவுடனும் குட்டியை வளவின் ஒரே மூலைக்குக் கொண்டுசென்றால், சில வாரங்களில் அது தானே அவ்விடம் நாடும்.

கற்பிக்கும் முறை

“வா”, “இரு”, “விடு” என்னும் மூன்று சொற்கள் முதலிற் போதும். வீட்டார் யாவரும் அதே சொற்களையே வழங்குதல் வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடப் பயிற்சி போதுமானது. செய்தவுடன், ஓரிரு நொடிக்குள் பாராட்டோ உணவோ கிடைக்க வேண்டும். பிந்திக் கிடைத்தால் எதற்காகக் கிடைத்தது என்பது குட்டிக்கு விளங்காது. அழைத்ததும் வந்த குட்டியை, முன் செய்த குற்றத்திற்காக அடித்தல் பெருந்தவறு. அது “வா” என்ற சொல்லை அடியின் அறிகுறியாகவே கொள்ளும்.

நான்கு முதல் ஆறு மாதத்திற் பாற்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும். அப்போது காண்பதெல்லாம் கடிக்கும். செருப்புக்குப் பதிலாகக் காய்ந்த தேங்காய் மட்டையைக் கொடுக்கலாம். ஆடு கோழிகளின் அருகே எப்போதும் கயிற்றிற் பிடித்தே கொண்டுசெல்லல் வேண்டும். ஒருமுறை கோழியைத் துரத்தி மகிழ்ந்த குட்டியைத் திருத்துதல் அரிது.

ஆறு மாதத்தின் பின் பருவமடையும் நாய், கற்றதை மறந்தாற்போல நடக்கும். இது இயற்கை, பொறுமையோடு முதற் பாடங்களை மீளக் கற்பித்தல் வேண்டும். நாள் முழுதும் கட்டி வைத்தால் மூர்க்கம் வளரும். வேண்டாத குட்டிகள் தெருவிற் பெருகாதிருக்கக் கருத்தடைச் சிகிச்சை பற்றி மிருக வைத்தியரிடம் அறிந்து செய்விக்கலாம்.

வயற் காவல்

ஆவணியில் வாங்கிய குட்டி அவ்வாண்டுப் பெரும்போக அறுவடையின்போதும் இளங்குட்டியே. அதனைப் பகலில் வயலுக்குக் கொண்டுசென்று பழக்கலாம். இரவுக் காவலுக்கு அடுத்த பெரும்போகமே ஏற்றது. பன்றியின் கொம்பு வளர்ந்த நாயையும் கிழித்துவிடும். யானை நடமாடும் இடங்களில் இன்னும் விழிப்பு வேண்டும். யானையைக் குரைத்துச் சினமூட்டிய நாய், அஞ்சி உடையவரிடமே திரும்பி ஓடி வரும். யானையும் அதன் பின்னே வரலாம். ஆதலால் நாயின் கடமை குரைத்து அறிவிப்பதே, துரத்துவதன்று. “வா” என்றதும் தவறாது திரும்பும் நாயை மட்டுமே அங்கு அவிழ்த்துவிடலாம்.

விசர்நோய்த் தடுப்பு

இலங்கையில் விசர்நாய் நோய் பற்றிய சட்டம் 1893 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அறிகுறி தோன்றிய பின் இந்நோய்க்குத் தப்பியோர் மிக அரியர். ஆயின் தடுப்பூசியால் இதனை முற்றாகத் தடுக்கலாம். குட்டிக்கு எப்போது முதலூசி போட வேண்டும் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ மிருக வைத்தியரிடமோ கேட்டறிந்து, பின் தவறாது புதுப்பித்து, அட்டையைப் பத்திரப்படுத்தல் வேண்டும். எந்த நாய் கடித்தாலும் கீறினாலும், வீட்டுக் குட்டியே ஆயினும், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ பூசிக் காலங் கடத்தலாகாது.

நினைவிற் கொள்ள

8 – 14 வாரம்: மனிதர், ஒலி, விலங்கு யாவற்றோடும் பழக்குக, தடுப்பூசி தொடங்குக.
4 – 6 மாதம்: மூன்று சொற்கள், கயிற்றில் நடத்தல், கடிக்க மட்டை.
6 – 9 மாதம்: பொறுமை, மீள்பயிற்சி, கருத்தடை ஆலோசனை.
9 – 12 மாதம்: பகலில் வயற் பழக்கம்; ஊசி புதுப்பிக்கும் நாளை அட்டையிற் பார்க்க.