மைனரும் கேம்பிரிட்ஜும்

என்னிடம் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர், பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் என்னும் இரு கார்களுள் எதனை வாங்கிப் பேணலாம் என்று அண்மையில் வினவினார். பண்டிதனிடம் கேட்கும் வினா அன்றாயினும், யாழ்ப்பாணத்தார் எவரும் விடை சொல்லக் கடமைப்பட்ட வினாவே அது.

இரண்டும் ஒரு குடிப்பிறப்பின. ஒஸ்ரின், மொறிஸ் நிறுவனங்கள் 1952இல் ஒன்றாயின. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் வெளிவந்தது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதல் பிரித்தானியக் கார் என்னும் பெயரும் பெற்றது. கேம்பிரிட்ஜ் 1954இல் தோன்றியது. மைனரின் கடைசி எஞ்சின் 1098 கன சென்ரிமீற்றர். கேம்பிரிட்ஜின் பெரிய எஞ்சின் 1622. முன்னது இலேசானது, வளைவுகளில் சொற்படி கேட்பது. பின்னது அகன்றது, பாரம் சுமப்பது. அதனாலன்றோ எமது வாடகைக் காரோட்டிகள் ஒஸ்ரினை விரும்பினர்!

உதிரிப்பாகம் ஒன்றையே நோக்கின் மைனரே வெல்லும். அதன் பாகங்கள் இன்றும் செய்யப்படுகின்றன. இலங்கையிற் செய்யப்பட்டவை பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாகியுள்ளன. கேம்பிரிட்ஜின் உடற்றகடுகள் கிடைப்பது அரிது. ஆகவே கைப்பொருள் சுருங்கியவர், புதிதாய் இத்துறையிற் புகுபவர், மைனரை வாங்குக.

ஆயினும் கணக்கு இத்துடன் முடிந்துவிடவில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அந்நாளில் இக்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது; எனவே சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்களே அதனைத் தாங்கின. நோயாளரும் கருவுற்ற மகளிரும் வெண்புகைக்கு நடுவே வைத்தியசாலை சேர்ந்தது இவற்றிலேதான்.

எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும், உருளைகள் தேயும். ஆதலின் வாங்குவோர் முதலில் உருளைகளின் அமுக்கத்தை அளந்து பார்க்க வேண்டும். பின்னர் தரைத்தகடுகளில் துருவைத் தேட வேண்டும். பளபளக்கும் வர்ணப்பூச்சு இறுதியிற் பார்க்கத்தக்கது.

இங்கே ஒரு வழக்கு எழுகின்றது. மண்ணெண்ணெய்க்காகப் பொருத்திய சிறு தாங்கியையும் குழாயையும் கழற்றி எறிந்து, ஆலையிலிருந்து வந்த கோலத்துக்கு மீட்பதா? அன்றி அப்படியே வைப்பதா? அச்சுவேலிக்கு அயலூரான சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். சுவடியோடு பழகிய எவரும் பாடபேதத்தைக் குப்பையில் எறியார். அடிக்குறிப்பிலேனும் பதிந்து வைப்பர். இக்குழாயும் ஒரு பாடபேதமே. மூலபாடம் இங்கிலாந்தில் எழுதப்பட்டது. இப்பாடம் எம்மவர் கையால் எழுதப்பட்டது. ஓடுவதற்கு இடையூறாயின் கழற்றுக. ஆனால் படமெடுத்து, பெயரெழுதி, காரோடு சேர்த்தே வைத்திருக்க.

ஆதலின் அவ்விளைஞருக்கு யான் கூறியது இது: ஓட்டி மகிழ விரும்பின் மைனர், ஊரின் வரலாற்றைப் பேண விரும்பின் மண்ணெண்ணெய் குடித்த கேம்பிரிட்ஜ். பின்னதற்குச் செலவு மிகும். ஆனால் மைனரைப் பேண உலகெங்கும் ஆளுண்டு. அந்தக் கேம்பிரிட்ஜைப் பேண எம்மையன்றி வேறொருவர் இலர்.