பயிரைக் குட்டையாக்கிய தடைப் புரதம்

ஐ.ஆர். 8 நெல்லைப் பயிரிட்ட தலைமுறைக்கு அதன் குட்டைத் தண்டு நன்றாக நினைவிருக்கும். பழைய நெட்டை ரகங்கள் உரம் போட்டால் மளமளவென உயர்ந்து, கதிர் முற்றும் நேரத்தில் காற்றுக்கும் மழைக்கும் சாய்ந்துவிடும். ஐ.ஆர். 8 நிமிர்ந்து நின்று மணிகளைத் தாங்கியது. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அதை வெளியிட்டது 1966-ல். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் உள்ளிட்டோரின் முயற்சியால், மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை இந்தியாவுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். இந்தப் பயிர்கள் ஏன் குட்டை என்பது செல்லுக்குள் எட்டிப் பார்த்த பிறகே புரிந்தது. அதற்கு 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஒரு செடியின் மரபணுக்கள் அனைத்தும் அதன் ஒவ்வொரு செல்லிலும் இருக்கின்றன. எது எப்போது படியெடுக்கப்பட வேண்டும் என்பதில் இயக்கும் புரதங்களுக்கு உள்ள பங்கு, தடுக்கும் புரதங்களுக்கும் உண்டு. பயிர்களின் உயரத்தைக் கட்டுப்படுத்தும் தடைப் புரதத்தின் பெயர் டெல்லா. அது பெரும்பாலும் டி.என்.ஏ.வைத் தானே தொடுவதில்லை. செல்லை நீளச் செய்யும் மரபணுக்களை இயக்கப் புறப்பட்ட புரதங்களை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. அவை டி.என்.ஏ.வில் அமர முடியாததால் தண்டு நீள்வதில்லை.

இந்தப் பிடியை விடுவிக்கும் சமிக்ஞைதான் ஜிப்பரெலின் என்ற ஹார்மோன். அதை நமக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு நெல் நோய். பூஞ்சை தாக்கிய நாற்றுகள் வெளிறி, ஒல்லியாக, அளவுக்கு மீறி உயர்ந்து மடியும். பூஞ்சை சுரக்கும் ஒரு பொருள்தான் இதற்குக் காரணம் என்று 1926-ல் தைவானில் பணியாற்றிய எயிச்சி குரோசாவா கண்டறிந்தார். செடியும் அதே வகைப் பொருளைத் தானே தயாரிக்கிறது என்பது பிறகு தெரிந்தது. அதை உணரும் ஏற்பிப் புரதத்தை ஜப்பானின் நகோயா ஆய்வுக் குழு 2005-ல் நெல்லில் கண்டது. ஹார்மோன் வந்து அமர்ந்ததும் ஏற்பி டெல்லாவைப் பற்றிக்கொள்கிறது. டெல்லாவின் மேல் யூபிக்விட்டின் என்ற அழிவு முத்திரை ஏறுகிறது. செல்லின் கழிவு இயந்திரம் அதைத் துண்டாக்குகிறது. சமிக்ஞை இங்கே 'வளர்' என்று கட்டளையிடுவதில்லை, தடையை மட்டும் நீக்குகிறது. உயிரியலில் என்னை மிகவும் வியக்க வைக்கும் ஏற்பாடுகளில் இது ஒன்று.

குட்டைக் கோதுமையின் டெல்லா மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதை 1999-ல் இங்கிலாந்தின் ஜான் இன்ஸ் மையத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் ஹார்பர்ட் குழு வெளியிட்டது. அந்த மாற்றத்தால் ஏற்பி பற்ற வேண்டிய முனை டெல்லாவில் இல்லாமல் போகிறது. ஹார்மோன் எவ்வளவு வந்தாலும் தடை அழிவதில்லை. ஐ.ஆர். 8-ன் கதை சற்றே வேறு. அதில் டெல்லா பழுதில்லாமல் இருக்கிறது. ஹார்மோனைத் தயாரிக்கும் நொதியின் மரபணுதான் பழுதானது என்று 2002-ல் தெரிந்தது. ஹார்மோன் குறைந்தால் டெல்லா குவியும். விளைவு அதே குட்டைத்தண்டு.

இதற்கு ஒரு விலையும் உண்டு. டெல்லா தண்டை மட்டும் தடுப்பதில்லை. மண்ணிலிருந்து நைட்ரஜனை உறிஞ்சத் தூண்டும் ஜி.ஆர்.எஃப். 4 என்ற புரதத்தையும் அது முடக்குகிறது என்று 2018-ல் சீன அறிவியல் அகாதமியின் ஆய்வாளர்கள் காட்டினர். குட்டைப் பயிர் யூரியாவை அவ்வளவு கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஜி.ஆர்.எஃப். 4 அளவை உயர்த்தியபோது, பயிரின் உயரம் கூடாமலேயே நைட்ரஜன் உறிஞ்சலும் விளைச்சலும் கூடின.

உரத்தைக் குறையுங்கள் என்று உழவரிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட விதைக்குள்ளேயே அந்தத் தடை இருக்கிறது. புதிய ரகங்களை உருவாக்கும் நம் ஆராய்ச்சி நிலையங்கள், டெல்லாவின் பிடியிலிருந்து நைட்ரஜன் உறிஞ்சலை மட்டும் விடுவிக்கும் வேலையை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.